தலைக்கு மேல் ஒரு சாண்

சோபா மெத்தையின் இடுக்கில் கைவிட்டுத் துழாவி ரிமோட்டை எடுத்தார். தொலைக்காட்சியின் சத்தத்தை இருபத்திரண்டிலிருந்து பதினொன்றுக்கு இறக்கினார். எழுந்து போய் மின்விசிறியை ஒரு புள்ளி தணித்தார். சமையலறையில் பாத்திரத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினார். பிறகு வந்து உட்கார்ந்து, அதுவரை கழுத்து நரம்பு புடைக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, "இப்பச் சொல்லுங்க" என்றார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபது வருடமாக எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகியவர். அவர் வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். வீடு சட்டென்று அடங்கிப்போனதில் தன் குரலைத் தானே கேட்டுக் கூச்சப்பட்டு, "ஒண்ணுமில்ல... சாயங்காலம் வர லேட்டாகும்னு சொன்னேன்" என்று முணுமுணுத்தார்.

"இதுக்கா இந்தக் கத்து? கூட்டாதீங்க. மத்ததக் கொறைங்க."

கொறை என்ற இந்த ஒரு சொல்லே அந்த மனைவிக்குப் பெயராகிவிட்டது. குடியிருக்கும் கட்டடத்தில், எதிர்க்கடையில், பாட்டு வேலை செய்கிறவர்கள் வட்டத்தில், எல்லாருக்கும் அவர் 'கொறைக்கா'. புதிதாக வருகிறவர்கள், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற பெண்மணி போலிருக்கிறது என்று முதலில் ஓரடி தள்ளியே நிற்பார்கள். அரை மணி நேரம் அவருடைய அறையில் உட்கார்ந்தால் போதும், குறை என்பது குற்றமில்லை, ஒரு கட்டளை என்று புரிந்துவிடும்.

கொறைக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. தொழில், பாட்டுக் கலவை. பாடுகிறவர், வாசிக்கிறவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து கணினித் திரையில் அடுக்கி, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. அடுக்கிய ஒவ்வொரு ஒலிக்கும் மேலும் கீழும் நகர்கிற ஒரு தள்ளுபொத்தான் உண்டு. ஃபேடர் என்பார்கள். பாடகி வந்து, "என் குரல் கேக்கவே மாட்டேங்குது" என்று முகத்தைத் தூக்கினால், பத்தில் ஒன்பது பேர் குரலின் ஃபேடரை மேலே தள்ளுவார்கள். உடனே கிட்டார்காரர் மூஞ்சியைச் சுருக்குவார், அதையும் தள்ளுவார்கள். பிறகு மேளம், பிறகு கோரஸ். கடைசியில் எல்லாரும் கூரையில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கொறைக்கா அப்படிச் செய்வதில்லை. வலது உள்ளங்கையைக் கவிழ்த்து, அழுகிற குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல் காற்றை மெல்லக் கீழே அழுத்துவார். "கொற." கிட்டார் இறங்கும். "கொற." மேளம் இறங்கும். தொடாமலே பாடகியின் குரல் மேலே வந்து நிற்கும். "உங்களை நான் ஏத்தவே இல்ல. உங்க மேல ஏறி உக்காந்திருந்தவங்களை எறக்கிவிட்டேன், அவ்வளவுதான்."

திரையின் ஓரத்தில் ஒலியை அளக்கும் கோல் ஒன்று உண்டு. அதில் எண்களெல்லாம் மைனஸில் இருக்கும், உச்சியில் சைபர். சைபருக்கு மேல் எதுவும் கிடையாது. அதைத் தாண்டி எழப் பார்க்கிற ஒலியலையின் தலையைக் கணினி நேர்கோட்டில் சீவி எறிந்துவிடும். பொரபொரவென்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். கோலின் உச்சியில் சிவப்பு எரியும். தொழிலில் இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். கொறைக்கா 'தலைவெட்டு' என்பார். பதியும்போது வெட்டுப்பட்டது போனதுதான். அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் அந்த மொட்டைத்தலை மொட்டையாகவே குறையுமே தவிர முடி முளைக்காது. அதனால் ஆரம்பத்திலேயே தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். "வாசல்ல நொழையறவங்க நிமிர்ந்து நொழைய வேணாமா?"

இடக்கை ஆள்காட்டி விரல் எந்நேரமும் ஃபேடர் மேலேயே இருக்கும். வலக்கையால் தேநீர் குடிப்பார், போன் பேசுவார், வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். இடது விரல் நகராது. திருவிழாக் கூட்டம் போன்ற நெரிசலில் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு பிடி.

சோப்பு விளம்பரம் எடுக்கிற ஒருவர் மாதம் தவறாமல் வருவார். வந்ததும் திரையைப் பார்த்துப் பதறுவார்.

"என்னங்க இது, எல்லாமே மைனஸ்ல இருக்கு? ப்ளஸ்ஸுக்குக் கொண்டு வாங்க. நம்ம விளம்பரம் வந்தா பக்கத்து வீட்டுல தூங்கறவன் எந்திரிக்கணும்."

"எந்திரிச்சு வந்து டிவிய அணைச்சிடுவான் சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னும் ஏத்துங்க."

கொறைக்கா வாதாடுவதில்லை. மேசையின் வலது மூலையில் பளபளப்பான பெரிய குமிழ் ஒன்று இருக்கிறது. "நீங்களே உங்க கையால ஏத்திக்கோங்க சார்" என்று அதைக் காட்டுவார். விளம்பரக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை ஒரு நூல் அளவு திருகுவார். கண்ணை மூடிக் கேட்பார். இன்னும் ஒரு நூல். "ஆ! இப்பப் பாருங்க. இதத்தான் கேட்டேன்!" திருப்தியாகப் போய்விடுவார். அந்தக் குமிழ் எதனுடனும் இணைக்கப்படவில்லை. பழைய வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிப் பசைபோட்டு ஒட்டியது.

இதைச் சொல்லிச் சிரிக்கிறவர், சிரித்து முடித்ததும் ஒரு வார்த்தை சேர்ப்பார். "சிரிக்கறோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, உலகத்துல பாதிப் பேரு கையில இந்தக் குமிழத்தான் குடுத்து வெச்சிருக்காங்க. திருகு, திருகு, உன் இஷ்டம்தான்னு."

அவர் கையிலும் ஒரு காலத்தில் அதுதான் இருந்தது. படித்து முடித்து ஒரு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தபோது, மூன்று வருடம் ஒயர் சுற்றவும் தேநீர் வாங்கவும் விட்டார்கள். "பொம்பளைக்கு சத்தம் போடத் தெரியும், சத்தத்தை அளக்கத் தெரியாது" என்றார் அங்கிருந்த தலைமைப் பொறியாளர். ஒருநாள் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த கொறைக்கா, "ரெண்டாவது சரணத்துல வயலின் தலைவெட்டுது சார்" என்றார். அறை சிரித்தது. மறுவாரம் பாட்டு வெளியூரிலிருந்து அதே புகாரோடு திரும்பி வந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, தன் வீட்டின் மூன்றாவது அறையைக் கூடமாக்கிக்கொண்டார்.

அந்த அறைச் சுவரில் முட்டை அட்டை கிடையாது. "முட்டை அட்டை ஒட்டினா சத்தம் அடங்கும்கறது சுத்த மூடநம்பிக்கை. அது முட்டைய மட்டும்தான் காப்பாத்தும். கனமான துணிதான் சத்தத்தைக் குடிக்கும்." கூரை முட்டும் உயரத்துக்குச் சாக்குத் துணியில் தைத்த மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். உள்ளே முழுவதும் வெட்டுத்துணி. கழுத்து வெட்டியது, கை வெட்டியது, ஓரம் சீவியது. எல்லாம் நேர் கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒன்பது வருடமாகச் சேர்த்துக் கொடுத்தவை. மூட்டைகளைத் தைத்ததும் தையல்காரம்மாவே.

அந்த அம்மாவைக் கொறைக்கா பார்த்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், தரை வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். காலை பத்து மணிக்குக் கீழே மிதிமெஷின் ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் அதன் அடியிலிருந்து ஒரு குரல் எழும். தைக்கத் தைக்க வாய்க்கு வந்த வரிகளைக் கட்டிப் பாடுகிற குரல்.

*ஊசிக்கு ஒத்தக் கண்ணு,
ஊரெல்லாம் பாக்குது;
எனக்கு ரெண்டு கண்ணு,
எந்த ஊரப் பாத்தேன்?*

நூல் அறுந்து மெஷின் நின்றால், அந்த நொடியே பாட்டும் நிற்கும், வரியின் நடுவில் இருந்தாலும். நூல் கோத்து மிதித்த பிறகுதான் மிச்ச வரி வரும். பொம்பளைக் குரல் வாசல் தாண்டக் கூடாது என்பது தையல்காரம்மாவின் மாமியார் போட்ட சட்டம். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது; சட்டத்தை நாத்தனார் பத்திரமாக வைத்திருக்கிறார். தையல்காரம்மாவின் கணவர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். எதிலும் தலையிடாதவர்களுக்கு உலகம் தருகிற பட்டம் அது. மெஷின் சத்தத்துக்கு வாசல் தாண்ட அனுமதி உண்டு, அதனால் தையல்காரம்மா முப்பது வருடமாக அதன் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு பாடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மாடி ஏறி வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. பின்னாலேயே நாத்தனாரும்.

"வியாழக்கிழமை ஆப்பரேஷன்" என்றார் தையல்காரம்மா. "தைராய்டுல கட்டி. எடுத்துடலாம், பயமில்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா குரல் நரம்பு அத ஒட்டியே போகுதாம். பேச்சு வரும், பழைய குரல் வருமான்னு இப்பச் சொல்ல முடியாதாம். அதுக்குக் கையெழுத்து வாங்கிட்டாங்க."

"பாடிப் பாடித்தான் வந்துச்சு" என்றார் நாத்தனார். "நான் அப்பவே தலதலையா அடிச்சுக்கிட்டேன்."

கொறைக்கா திரும்பினார். "பாட்டுல கட்டி வருமா? உங்க அண்ணன் விடற குறட்டை என் கட்டில் வரைக்கும் கேக்குதே, அவருக்கு இந்நேரம் எத்தனை கட்டி வந்திருக்கணும்?"

"டாக்டரம்மாகிட்ட நானும் கேட்டேன்" என்றார் தையல்காரம்மா. "சிரிச்சுட்டாங்க. பாடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லயாம்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போன பிறகுதான் தையல்காரம்மா வந்த காரியத்தைச் சொன்னார். துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"புதன்கிழமை சாயங்காலமே ஆஸ்பத்திரில சேரணும். அதுக்குள்ள அந்த ஊசிப் பாட்ட எடுத்துக் குடுப்பியா கண்ணு? யாருக்கும் போட்டுக் காட்ட இல்ல. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. எப்பவும் மெஷினோட சேத்துத்தான கேட்டிருக்கேன். போறதுக்குள்ள ஒருதடவ வெளியில இருந்து கேக்கணும்."

திங்கட்கிழமை அவரை மைக் முன்னால் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கொறைக்கா எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார். "ரெண்டு வரி பாடிக் காட்டுங்கக்கா, அளவு பாத்துக்கறேன்."

தையல்காரம்மா பாடிக் காட்டினார். திரைக்கோல் தரையைவிட்டு எழும்பவே இல்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல். சின்னக் குரல்தான் பாவம், இத்தனை நாள் மெஷின் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது என்று கொறைக்கா நினைத்தார். மைக்கிலிருந்து உள்ளே வருகிற அளவைக் கூட்டினார். ஆமாம், கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

முதல் இரண்டு வரியும் அந்த அளவுக்குப் பாந்தமாகப் பொருந்தின. மூன்றாவது வரியில் தையல்காரம்மா கண்ணை மூடினார். மடிமேல் இருந்த கை எழுந்து, கண்ணுக்குத் தெரியாத துணி ஒன்றைத் தள்ளிக்கொடுத்தது. 'எந்த ஊரப் பாத்தேன்' என்ற இடத்தில் அந்தக் குரல் எழுந்த எழுச்சியில் கொறைக்காவின் முதுகு நாற்காலியில் இடித்தது. விரல் இறங்கத்தான் செய்தது. ஆனால் கணினி விரலுக்காகக் காத்திருப்பதில்லை. சிவப்பு எரிந்துவிட்டது.

போட்டுக் கேட்டார்கள். தன் குரலின் முதல் வரியைக் கேட்டதும் தையல்காரம்மா, "யாரு இது?" என்று சிரித்தார். நான்காவது வரி வந்தது. பொரபொரவென்று உடைந்தது. அவர் கை சட்டென்று கழுத்துத் துண்டுக்குப் போனது.

"அது... என் கட்டியா கண்ணு? கட்டி சத்தமா அது?"

கொறைக்கா பாட்டை நிறுத்தினார். "ஐயோ இல்லக்கா. அது என் தப்பு. உங்களுக்குக் கூரையைத் தாழ்வாப் போட்டுட்டேன். முட்டிடுச்சு."

"சரி பண்ணலாமா?"

"பண்ணலாம். வெட்டுப்பட்ட இடத்தைக் கணினியே வரைஞ்சு ஒட்டிக் குடுக்கும். ஆனா அது உங்க குரல் இல்ல. இப்படித்தான் பாடியிருப்பாங்கன்னு அது பண்ற யூகம்."

"வேணாம்பா. எனக்குப் பதிலா அடுத்தவங்க பேசினதெல்லாம் போதும்." கொறைக்காவின் முகம் வாடிக்கிடப்பதைக் கண்டு தையல்காரம்மா பேச்சை மாற்றினார். "நீ பண்ணின தப்பு என்ன தெரியுமா? டேப்பைக் காட்டி அளவெடுத்தே. டேப்பைக் கண்டா எவளும் நெசமா நிக்க மாட்டா. வயித்த உள்ள இழுத்துக்குவா. அந்த அளவுக்குச் சட்டை தச்சுக் குடுத்தா, மொதத் தும்மல்ல பொத்தான் தெறிச்சிடும். அதான் நாங்க கேக்காமலே உள்ள ரெண்டு விரக்கட துணி விட்டு மடிப்போம்."

தலைக்கு மேல் ஒரு சாண் என்று ஊருக்கெல்லாம் சொன்னது கொறைக்காவின் வாய்தான். சுருங்கி உட்காரப் பழக்கிவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, அவளுடைய அளவே இதுதான் என்று எழுதிக்கொள்வதைத்தான் நாத்தனார் செய்கிறார், அந்தத் தலைமைப் பொறியாளரும் செய்தார். இன்று தன் விரலும் அதையே செய்திருக்கிறது.

அன்று தையல்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஒருதரம்தான் முழுசாகப் பாட முடிகிறது என்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமை கொறைக்கா அளவே பார்க்கவில்லை. ஒரு சாணுக்கு மூன்று சாண் இடம் விட்டார். "எவ்வளவு வேணும்னாலும் பாடுங்கக்கா. கூரையைத் தூக்கியாச்சு." ஆனால் தையல்காரம்மா இப்போது சிவப்பைப் பார்த்தவர். பாட்டு முழுக்க அவர் கண் திரையின் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. பயந்து பயந்து பாடினார். மூன்று சாண் இடத்தில், மூலையில் ஒண்டி உட்கார்ந்தது குரல்.

"இன்னிக்கு ஒண்ணும் உடையலல்ல?" என்றார் முடித்ததும்.

"இல்லக்கா" என்றார் கொறைக்கா. சிவப்பு என்றால் குற்றம் என்று இருபது வருடமாக எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி, இவரையும் பயமுறுத்தியாயிற்று. முப்பது வருடம் மாமியாரின் சட்டத்துக்குப் பயந்த தொண்டைக்குப் பயப்பட இன்னொரு சிவப்புக் கண் கிடைத்துவிட்டது. மிச்சம் ஒரு நாள்.

மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது கொறைக்கா தட்டோடு, தரைப்பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கணவர் தாமே போய்த் தொலைக்காட்சியை அணைத்தார், மின்விசிறியைத் தணித்தார். "இப்பச் சொல்லு" என்றார்.

"ச்சூ!" என்றார் கொறைக்கா. தரையைக் காட்டினார்.

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடித்துக் கொடுக்க வேண்டிய துணிகள் இருக்கும். மெஷின் சத்தத்துக்கு அடியில் அதே பாட்டு. காலையில் பயந்த தொண்டைதான், அலுத்துக் கரகரத்திருந்தது. ஆனாலும் முழு உயரத்துக்கு நிமிர்ந்திருந்தது.

"நேத்து உடைஞ்சதுன்னு நீ சொன்ன குரல்தானே?" என்று கணவர் தம்மால் முடிந்த அளவு கிசுகிசுத்தார்.

"அதேதான்" என்றார் கொறைக்கா. தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

புதன்கிழமை காலை ஒயரும் மைக்குமாகப் படியிறங்கிப் போய்த் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினார். "பாடாதீங்க. சும்மா தைங்க. ஒரு பத்து நிமிஷம்."

நாத்தனார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "பாட்டத்தான் பதிவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மெஷினயுமா பதிவாங்க?"

"ஆமா. உங்க குரலும் வேணும்னா தனியா எடுத்துக்கறேன். இப்பப் பத்து நிமிஷம் மட்டும் பேசாம இருங்க."

பத்து நிமிடமும் நாத்தனார் மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார். மெஷின் ஒரு படுக்கை விரிப்பின் நான்கு ஓரத்தையும் அடித்து முடித்தது.

பிறகு தையல்காரம்மாவை மாடிக்குக் கூட்டிவந்த கொறைக்கா திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். தையல்காரம்மாவின் நாற்காலியிலிருந்து பார்த்தால் வெட்டுத்துணி மூட்டைகள் மட்டும்தான் தெரியும். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பதிந்துவந்த மெஷின் சத்தத்தை அதில் ஓடவிட்டார். அந்தச் சத்தம் தையல்காரம்மாவின் காதுக்கு மட்டும்தான், மைக்குக்குப் போகாது.

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "அட! என் மெஷின்! அந்த டக்கு டக்குன்னு எடறல் கூட வருதே, எண்ணெ விடணும்னு நெனச்சிட்டே இருந்தேன்." தரையில் பாதம் தானாக மிதிக்கத் தொடங்கியது. "அளவு பாக்கலியா?"

"பாக்கல. நீங்க தைங்க."

முதல் சுற்றிலேயே குரல் எழுந்தது. யாரும் கேட்கவில்லை என்ற நிச்சயத்தில் எழுகிற குரல். கொறைக்காவின் இடது விரல் மெஷினின் ஃபேடர் மேல் இருந்தது. தையல்காரம்மா இரண்டாம் முறை 'ஊசிக்கு ஒத்தக் கண்ணு' வரிக்கு வந்தபோது விரல் ஒரு நூல் கீழே இறங்கியது. அவர் கவனிக்கவில்லை. அடுத்த வரியில் இன்னொரு நூல். தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி, அத்தனை மெதுவாக. பாதியானது மெஷின். பாதத்தின் மிதி சீராகவே இருந்தது. கால்பங்கானது. தையல்காரம்மா புதிதாக ஒரு வரி கட்டிச் சேர்த்தார், கொறைக்கா இதுவரை தரை வழியாகக் கேட்டிராத வரி.

*பாத்த ஊரு போதுமா,
பாடி ஒண்ணு காட்டவா?*

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த கோலைக் கொறைக்கா கழுத்தை வளைத்துப் பார்த்தார். குரலுக்கும் சைபருக்கும் நடுவே இன்னும் நல்ல இடம் இருந்தது.

மெஷின் இப்போது இரண்டு வீடு தள்ளி ஓடுகிற அளவுக்கு மெலிந்திருந்தது. மிச்சம் ஒரு விரற்கடை. அங்கே விரல் நின்றுவிட்டது. இதையும் எடுத்தால்? நூல் அறுந்ததும் வரியின் நடுவில் நின்ற அத்தனை பாட்டும் கொறைக்காவுக்கு நினைவு வந்தது. மாலை ஆஸ்பத்திரி. இன்றைக்கு ஒருதரம்தான் இந்தத் தொண்டை. போதும், இதுவரை வந்ததே போதும், இப்படியே விட்டுவிடலாம் என்று விரலை அங்கேயே வைத்திருந்தார்.

தையல்காரம்மாவின் பாதம் மிதிப்பதை நிறுத்தியது.

கண் மூடித்தான் இருந்தது. பாட்டு நிற்கவில்லை. 'எந்த ஊரப் பாத்தேன்' என்ற வரி தன் முழு உயரத்துக்கு எழுந்துகொண்டிருக்க, மடியிலிருந்து அவருடைய வலது கை எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை மெல்லக் கீழே அழுத்தினார்.

கொறைக்கா மெஷினை அடிமட்டம் வரை இறக்கிவிட்டு, ஃபேடரிலிருந்து விரலை எடுத்தார்.